மாண்டிசெல்லோவின் சமையற்கட்டு – கடிதம்

அன்புள்ள சார்,

வர்ஜீனியாவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். போன வாரம் மாண்டிசெல்லோவுக்குக் கூட்டிப்போனார்கள். மலையுச்சியில் அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் தானே வரைந்து கட்டிய வீடு. கூடத்தில் இருக்கும் பெரிய கடிகாரம், சாப்பாட்டு அறையில் நிலவறையிலிருந்து ஒயின் புட்டி ஏறிவரும் பெட்டி, எல்லாமே அதிசயம். ஆனால் வழிகாட்டிப் பெண் பாதி நேரம் அடிமைகளைப் பற்றியே பேசினார். 'டிக்கெட் எடுத்து வந்தது இதைக் கேட்கவா' என்று மருமகன் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் வைத்திருந்ததுதானே சார்? 'மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்று எழுதியவரை இப்படித் தோலுரிக்கத்தான் வேண்டுமா? மேல்மாடிக்குத் தனி டிக்கெட் என்றார்கள். முழங்கால் வலி, போகவில்லை. எதையாவது தவறவிட்டோமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மேல்மாடிக்குப் போகாதது நல்லது. படிக்கட்டு இரண்டடி அகலம்தான், செங்குத்தாக ஏறும். முழங்கால் வலியோடு அது வேண்டாத வேலை. ஜெஃபர்சனின் பெருமையைப் பற்றியும் கவலைப்படாதீர்கள். ஐந்து சென்ட் நாணயத்தில் ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் அந்த வீடு, 1938 முதல். ஒரு வழிகாட்டி பேசி அது தேய்ந்துவிடாது.

ஆனால் 'அந்தக் காலத்தில் எல்லோரும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் விடமாட்டேன். அதே மாவட்டத்துக்காரர் எட்வர்ட் கோல்ஸ், இருபதுகளில் இருந்த பையன். 1814-இல் ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதினார்: அடிமை முறையை ஒழிக்க நீங்கள் முன்னால் நில்லுங்கள் என்று. 71 வயதுக்காரரிடமிருந்து பதில் வந்தது: எனக்கு வயதாகிவிட்டது, இது இளைஞர்கள் செய்யவேண்டிய வேலை, நீயும் ஊரை விட்டுப் போகாதே. கோல்ஸ் கேட்கவில்லை. 1819-இல் தன் அடிமைகளைக் கூட்டிக்கொண்டு இல்லினாய்க்குக் கிளம்பினார், வழியில் ஓஹையோ ஆற்றில் படகில் வைத்தே விடுதலை கொடுத்தார். அவரும் அதே காலத்து ஆள்தான், அம்மா. காலத்தின் மேல் பழியைப் போடுவது நமக்கு வசதி, அவ்வளவுதான்.

சரி, அந்தப் பெட்டிக்கு வருகிறேன். பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். சாப்பாட்டு அறைக் கணப்பின் இரண்டு பக்கமும் சின்னக் கதவுகள். திறந்தால் புட்டி நிற்கும். எல்லோரும் அங்கே 'ஆகா' என்பார்கள், நானும் கூட்டத்தோடு நின்று தலையாட்டினேன். பிறகு கீழே போய்ப் பார்த்தேன். மேலே மெருகேற்றிய மரம், இங்கே வெறும் கல்லும் செங்கல்லும். கயிற்றின் கீழ்நுனியில் ஓர் ஆள் நின்றிருக்க வேண்டும், மேலே விருந்து முடிகிறவரைக்கும். அவரை விருந்தாளிகள் பார்க்காமல் இருப்பதற்குத்தான் அவ்வளவு தச்சுவேலையும்.

அந்த வீட்டின் சாமர்த்தியம் முழுக்க இப்படித்தான். சாப்பாட்டு அறைக் கதவு நடு அச்சில் சுழலும். அதன் முதுகில் அலமாரித் தட்டுகள். வெளியே நின்று உணவை வைத்துத் திருப்பிவிட்டால் போதும், கொண்டுவந்தவர் முகம் தெரியாது. சமையற்கட்டு எங்கே? தெற்குச் சிறகில், மேடைத் தளத்துக்கு அடியில். சாப்பாட்டு அறையோ வடக்கே. நடுவில் வீட்டுக்கு அடியில் நீளமான நடை. தட்டை ஏந்திக்கொண்டு அதைக் கடந்து, குறுகல் படியேறி வரவேண்டும். கடிகாரமும் சேர்த்திதான். கூடத்தில் நீங்கள் ரசித்த முகத்தில் நிமிட முள், நொடி முள் எல்லாம் உண்டு. அதே கடிகாரத்துக்கு வெளிச்சுவரில் இன்னொரு முகம் இருக்கிறது. அதில் மணி முள் மட்டும். வயலிலும் பட்டறையிலும் இருப்பவர்களுக்கு அது போதும் என்பது கணக்கு.

அந்தச் சமையற்கட்டில் இருந்தவர் ஈடித் ஃபாசெட். 15 வயதில் வாஷிங்டனுக்கு அழைத்துப் போகப்பட்டு, அதிபர் மாளிகையில் பிரெஞ்சு சமையல்காரரிடம் பழகியவர். ஜெஃபர்சனின் மேசையைப் பாராட்டி எழுதாத விருந்தாளி குறைவு. அத்தனை பாராட்டும் இந்தப் பெண்ணின் கைக்குப் போகவேண்டியது. கணவர் ஜோசப், அதே மலையில் கொல்லர்.

ஜெஃபர்சன் 1826 ஜூலை 4 அன்று இறந்தார். அவர் எழுதிய அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்குச் சரியாக 50 ஆண்டு. அந்தப் பொருத்தத்தைச் சொல்லாத புத்தகம் இல்லை. கடன் ஒரு லட்சத்து ஏழாயிரம் டாலருக்கு மேல் நின்றதை அதே வேகத்தில் யாரும் சொல்வதில்லை. உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை, அதில் ஜோசப்பும் ஒருவர். ஈடித் இல்லை, பிள்ளைகளும் இல்லை. 1827 ஜனவரியில் 130 பேரை விற்பதாக விளம்பரம் போட்டு, அந்த மலையிலேயே ஏலம் நடந்தது. ஈடித்தும் பிள்ளைகளும் வெவ்வேறு ஆட்களுக்கு விற்கப்பட்டார்கள். மகன் பீட்டருக்கு 11 வயது. ஜோசப் இரும்படித்துச் சம்பாதித்த காசில் மனைவியையும் சில பிள்ளைகளையும் திரும்ப வாங்கினார். யோசித்துப் பாருங்கள், சொந்த மனைவியை விலை கொடுத்து! பீட்டருக்கு விடுதலை கிடைத்தது 1850-இல். பிற்பாடு சின்சினாட்டியில் விருந்துச் சமையல் தொழில் நடத்தினார், தேவாலயப் போதகராகவும் இருந்தார். 1900-இல் ஒருமுறை அதே வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம் சொன்ன பெண்ணைத்தான் உங்கள் மருமகன் குறை சொல்கிறார். டிக்கெட் காசுக்கு அவர் ஒருவர்தான் முழு வேலை செய்திருக்கிறார்.

தவறவிட்டோமா என்று கேட்டீர்கள். ஒன்றைத் தவறவிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஜெஃபர்சன் கல்லறைக்கு எல்லோரையும் கூட்டிப்போவார்கள். அடிமைகளைப் புதைத்த இடம் மலைக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய மரங்களுக்குள் இருக்கிறது. 40-க்கு மேற்பட்ட குழிகள். படி ஏறவேண்டியதில்லை, உங்கள் முழங்கால் தாங்கும். அடுத்த வாரம் சனிக்கிழமை மருமகனுக்கு லீவுதானே, வண்டியை அவரையே ஓட்டச் சொல்லுங்கள்.