பழைய நீல ட்ரம் வாங்கி தண்ணி புடிச்சு வைக்கலாமா?

தண்டையார்பேட்டைல லாரி தண்ணி புடிக்க 200 லிட்டர் ட்ரம் செகண்ட்ஹேண்ட்ல வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வாங்கலாம், ஆனா முன்னாடி உள்ள என்ன இருந்துச்சுன்னு கடைக்காரர் சொல்லணும், லேபிளை சுரண்டி எடுத்திருந்தா நடையைக் கட்டுங்க. அந்த ட்ரம்மோட பிளாஸ்டிக், முன்னாடி இருந்த கெமிக்கலை உள்ள இழுத்து வச்சுக்கும், சோப்பு போட்டு பத்து தடவை கழுவினாலும் வெயில் ஏறுனதும் வாசனை திரும்ப வந்துரும், எங்க மொட்டைமாடில அப்படி ஒண்ணு சும்மா கிடக்குது. குடிக்க, சமைக்கன்னா புதுசே வாங்கிருங்க. ஊறுகாய் கம்பெனி ட்ரம்னா புழங்க ஓகே. ஆபத்தான கெமிக்கல் இருந்த காலி ட்ரம் மத்திய அரசோட 2016 விதிப்படி அபாயக் கழிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதி குடுத்தவங்ககிட்டதான் கம்பெனி அதை ஒப்படைக்கணும். அப்புறம், சால்வென்ட் (தின்னர் மாதிரி கரைப்பான்) இருந்த இரும்பு பேரலை மட்டும் கேஸ் கட்டர் வச்சு அறுக்காதீங்க, உள்ள நிக்கிற ஆவி வெடிச்சிரும்.