ஈறு இறங்கினால் யாரிடம் காட்டுவது?

கேள்வி: டாக்டர், எனக்கு 44 வயது. மேல் வரிசையில் இடது பக்கக் கோரைப் பல்லிலும் அடுத்த பல்லிலும் ஈறு இறங்கிவிட்டது. பல் நீண்டு தெரிகிறது, ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது. ஒரு பல் டாக்டர் "வயசாகுதில்ல" என்றார். இன்னொருவர் கூச்சத்துக்குப் பேஸ்ட் எழுதித் தந்தார். வேறொருவர் இரண்டு பல்லுக்கும் கேப் போடலாம் என்கிறார். ஏன் இறங்கியது என்று ஒருவரும் சொல்லவில்லை. இவர்களுக்குத் தெரியாதா, அக்கறை இல்லையா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, செம்பூர், மும்பை

பதில்: உங்கள் கோபம் நியாயமானதுதான் அம்மா. வயதானால் ஈறு இறங்கியே தீரும் என்பது இல்லை. மாட்டுங்காவிலிருந்து என்னிடம் வருகிற மாமிகள் சிலருக்கு 70 தாண்டியும் ஈறு அப்படியே இருக்கிறது.

பி.டி.எஸ். முடித்த எல்லோரும் ஈறு நோயைப் படித்துத்தான் வருகிறார்கள். ஆனால் அங்கே கை பழகுவது பெரும்பாலும் பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பதில். இறங்கிய ஈறை மூடும் ஆபரேஷனைச் செய்து பழகுவது, அதற்கு மேல் 3 வருடம் எம்.டி.எஸ். படிக்கும் ஈறு நிபுணர்தான். பெரியோடான்டிஸ்ட் என்று போர்டில் இருக்கும். சாதாரண கிளினிக் ஓடுவது ரூட் கெனாலாலும் கேப்பாலும். வாய் முழுக்க ஈறை அளந்து எழுத நேரம் பிடிக்கும், அதற்கென்று யாரும் ஃபீஸ் தருவதில்லை. வலி இல்லாததால் வருகிறவர்களும் கேட்பதில்லை. இதையெல்லாம் சமாதானமாகச் சொல்லவில்லை. அளக்காமல் கேப் போடச் சொன்னது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நல்ல பல்லைச் செதுக்கினால் போனது போனதுதான். கேப் போட்டதால் ஈறும் பழைய இடத்துக்கு வராது. தயவுசெய்து அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்த முறை போகும்போது, "ப்ரோப் வைத்து அளந்து சார்ட் போடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ப்ரோப் என்பது முனை மழுங்கிய மெல்லிய கம்பி, மில்லிமீட்டர் கோடு போட்டது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை மெதுவாக இறக்குவோம். ஒரு பல்லுக்கு வெளியே மூன்று, உள்ளே மூன்று, ஆக 6 இடம். 3 மி.மீ. வரை போனால் சரி. 4, 5 என்று போய் ரத்தமும் கசிந்தால் ஈறு நோயாக இருக்கலாம், எலும்பு கரைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அப்படியானால் முதல் வேலை வேர்வரை சுத்தம் செய்வது. மூடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஆழம் இல்லாமல் வெளிப்பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் எனக்குப் பிரஷ் மேல்தான் சந்தேகம். வலது கையால் அழுத்தித் துலக்குபவர்களுக்கு இடது கோரைப் பல் பக்கம்தான் அதிகம் அடிபடும். உங்களுக்கும் அதே இடம். ஈறு ஓரத்தில் பல்லை நகத்தால் தடவிப் பாருங்கள், ஆப்பு வெட்டியது போல் பள்ளம் தட்டுகிறதா? தட்டினால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

பல்லுக்கு இடையே எலும்பு குறையாமல் இருந்தால், மேல் அண்ணத்திலிருந்து கொஞ்சம் திசு எடுத்து வேர் மேல் வைத்துத் தைத்து, பல சமயம் முழுதாகவே மூடிவிடலாம். எலும்பு போயிருந்தால் முழுதாக மூடாது. இதை முன்கூட்டியே சொல்கிற டாக்டரிடம் செய்துகொள்ளுங்கள். கூச்சமும் இல்லை, அளவும் கூடவில்லை என்றால் தையலே வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்தால் போதும்.

தனியார் செலவு கட்டாது என்றால் மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பழைய எக்ஸ்ரேக்களோடு போய் பெரியோ டிபார்ட்மென்ட் எது என்று கேளுங்கள். காத்திருக்க வேண்டிவரும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். அதுவரை அந்தப் பேஸ்டை நிறுத்த வேண்டாம். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் என்றால் கூச்சம் குறையச் சில வாரம் ஆகும். பிரஷ்ஷை மட்டும் இன்றே சாஃப்ட்டாக மாற்றிவிடுங்கள்.