சட்டைப்பையில் அடங்கும் பைனாகுலர்

அன்புள்ள ஐயா,

ஓய்வு பெற்ற பிறகு பள்ளிக்கரணைப் பக்கம் பறவை பார்க்கப் போகிறேன். நண்பரின் 8×42 பைனாகுலரில் காட்சி அருமை, ஆனால் கழுத்து வலிக்கிறது. கடையில் ஒரு 10×25 பார்த்தேன். சட்டைப்பையில் அடங்குகிறது, உருப்பெருக்கமும் அதிகம். பிறகு ஏன் எல்லோரும் பெரியதையே சுமக்கிறார்கள்? நான் மூக்குக்கண்ணாடி போடுபவன்.

ஆர்., வேளச்சேரி

அன்புள்ள ஆர்.,

முதல் எண்ணை, அதாவது உருப்பெருக்கத்தை, பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். சங்கதி இரண்டாவது எண்ணில் இருக்கிறது. அது முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். பரப்பைக் கணக்கிட்டால் 42 வாங்கும் வெளிச்சம் 25 வாங்குவதைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு.

‘பகலில்தானே பார்க்கிறேன், வெளிச்சத்துக்கு என்ன பஞ்சம்?’ என்பீர்கள். நியாயம்தான். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 8×42க்கு 5.25 மில்லிமீட்டர், 10×25க்கு 2.5. இரண்டையும் கைநீட்டிப் பிடித்து வானத்தை நோக்கித் திருப்புங்கள். கண் வைக்கும் லென்ஸில் வட்டமாக ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும். ஒன்று மிளகு, மற்றது கடுகு. நம் ஊர் வெயிலில் கண்பாவை 2, 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால் உச்சிவேளையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசமாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கடுகின் மேல் கண் சரியாக உட்கார வேண்டும். இம்மி நகர்ந்தாலும் காட்சியில் கருநிழல் விழும். அசையாமல் மேயும் பூநாரை என்றால் சமாளிக்கலாம், பாயும் மீன்கொத்தியைத் துரத்தும்போது எரிச்சல்தான் மிஞ்சும். பொழுது சாயும்போது பாவை விரியும், கற்றை விரியாது. நாணலுக்குள் நிற்கும் வக்கா வெறும் நிழலாகிவிடும்.

பத்து மடங்கு பெருக்கினால் கைநடுக்கமும் பத்து மடங்கு பெருகும். எடை குறைந்த கருவி இன்னும் ஆடும்.

குழலைக் குட்டையாக்கினால் ஒளியைச் சட்டென்று மடக்க வேண்டியிருக்கும். மலிவான லென்ஸ் என்றால் வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதா விளிம்பு கட்டும். உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியான ப்ரிசத்திலும் சிக்கல் உண்டு. நேர்க்குழல் வகையில் கூரை வடிவ ப்ரிசம் ஒளியை இரண்டாகப் பிரித்துச் சேர்க்கும்போது அலைகள் பிசகி, காட்சியின் கூர்மை மங்கும். அதைச் சரிசெய்யும் பூச்சை ஜெர்மனியின் ஸைஸ் (Zeiss) நிறுவனம் 1988இல் கொண்டுவந்தது. விலை குறைந்த குட்டிகளில் இன்றும் அது இல்லாமல் இருக்கலாம். முன்லென்ஸ்கள் உள்ளொடுங்கி, கண் வைக்கும் பக்கம் அகன்றிருக்கும் இன்னொரு வகைக்கு (தலைகீழ் போரோ) அந்தப் பூச்சே வேண்டாம். அதனால் அதே காசுக்குப் பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். ஆனால் ஆழம் சற்றுக் குறைந்து தெரியும், பலவற்றில் காற்றுப்புகாத அடைப்பும் இருக்காது. சென்னையின் ஈரக்காற்றில் அதை அலமாரியில் போட்டு மறந்தால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும்.

நீங்கள் கண்ணாடி போடுபவர் என்பதால், கண்லென்ஸிலிருந்து 15 மில்லிமீட்டராவது தள்ளிக் கண்ணை வைத்தும் முழு வட்டம் தெரிய வேண்டும். குட்டிகள் பல இங்கேதான் தோற்கும். ரப்பர் வளையத்தை இறக்கிவிட்டு, கண்ணாடியோடு பார்த்து வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு 8×32. கற்றை 4 மில்லிமீட்டர், கழுத்துக்கும் நிம்மதி. சட்டைப்பைதான் முக்கியம் என்றால் 8×25, எக்காரணம் கொண்டும் 10×25 வேண்டாம். கடைக்கு மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள். உள்ளே குழல்விளக்கில் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாமல், வாசலுக்கு வந்து எதிர்ச்சாரி மரத்தின் இலையடர்த்திக்குள் பாருங்கள்.