2011-இல் சோனியின் ஆன்லைன் விளையாட்டுச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க் தாக்கப்பட்டபோது கேமர்கள் யார் பக்கம் நின்றார்கள், ஹேக்கர்கள் பக்கமா, சோனி பக்கமா?

இரண்டு பக்கமும் அவர்கள் நிலையாக நிற்கவில்லை. அன்றைய கோபத்தைத் தடுமாற்றம் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. தகவல் பாதுகாப்புத் துறையில் வேலை செய்யும் எனக்கு அது தடுமாற்றமாகத் தெரியவில்லை. சோனிக்கு எதிராக 2011-இன் முதல் நான்கு மாதங்களில் நடந்தவை தன்மையில் மாறுபட்ட மூன்று காரியங்கள். மூன்றையும் கேமர்கள் தனித்தனியாகவே எடைபோட்டார்கள்.

முதலாவது, சோனியின் கேம் கருவியான பிளேஸ்டேஷன் 3-இன் பூட்டை உடைத்தது. அதற்கு வேர் 2010-இல் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 3 விற்பனைக்கு வந்தபோது அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளும் வசதி இருந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 அப்டேட் அந்த வசதியை நீக்கியது. அப்டேட் செய்ய மறுக்கலாம், ஆனால் மறுத்தவர்கள் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்குக்குள் நுழைய முடியாது. காசு கொடுத்து வாங்கிய இரண்டு வசதிகளில் எதை இழப்பது என்று வாங்கியவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னதற்கு அது சமம். லினக்ஸைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவுதான் என்றாலும், விற்ற பொருளிலிருந்து ஒரு பகுதியை விற்றவரே பின்னாளில் பிடுங்கிக்கொள்ளலாமா என்ற கேள்வி லினக்ஸைத் தொட்டே பார்க்காத கேமர்களையும் உறுத்தியது.

அந்த ஆண்டு டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில், ஃபெயில் ஓவர்ஃப்ளோ என்ற குழு சோனியின் பாதுகாப்பில் இருந்த ஓட்டையை விளக்கிக் காட்டியது. மென்பொருளுக்கு டிஜிட்டல் கையொப்பம் (சோனி ஒப்புதல் தந்த மென்பொருள்தான் என்பதற்கான முத்திரை) இடும்போது ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரேண்டம் எண்ணைப் பயன்படுத்த வேண்டும். சோனியோ எல்லாக் கையொப்பங்களுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தது. அப்படிச் செய்துவிட்டால், இரண்டு கையொப்பங்களை வைத்துக்கொண்டு சாதாரண இயற்கணிதத்தாலேயே கையொப்பமிடும் ரகசியச் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பெருநிறுவனம் இவ்வளவு அடிப்படையான இடத்தில் சறுக்கியது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. 2011 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 21 வயது இளைஞர் பிளேஸ்டேஷன் 3-இன் மூலச் சாவியை இணையத்தில் வெளியிட, சோனி அவர்மீது கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. அவருடைய தளத்தைப் பார்வையிட்டவர்களின் ஐ.பி. முகவரிகளைக் கேட்டுப் பெறவும் நீதிமன்றம் அனுமதித்தது. இந்தக் கட்டத்தில் கேமர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். என் பெட்டியை நான் திறப்பேன் என்பது ஒரு தரப்பின் வாதம். ஆன்லைன் ஆட்டங்களில் ஏமாற்றுக்காரர்கள் புகுந்து ஆட்டத்தையே கெடுத்துவிடுவார்கள் என்பது மற்றத் தரப்பின் அச்சம். என் அனுதாபம் முதல் தரப்பின் பக்கம்தான் என்றாலும், இரண்டாம் தரப்பின் அச்சத்திலும் நியாயம் இருந்தது.

இரண்டாவது காரியம் அனானிமஸ் என்ற ஹேக்கர் குழுவுடையது. வழக்கைக் கண்டித்து ஏப்ரல் தொடக்கத்தில் சோனியின் தளங்கள்மீதும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்மீதும் அந்தக் குழு டிடாஸ் தாக்குதல் தொடுத்தது; அதாவது, பொய்யான கோரிக்கைகளைக் குவித்துச் சர்வர்களைத் திணறடித்தது. ஹாட்ஸை ஆதரித்தவர்களிலேயே பலர் அப்போது பொறுமை இழந்தார்கள். நுகர்வோரின் உரிமைக்காக என்று தொடங்கிய போராட்டம் முதலில் நுகர்வோரின் தலையிலேயே விழுந்துவிட்டது. அந்த எதிர்ப்பின் வலிமை எப்படிப்பட்டது என்றால், சில நாள்களிலேயே, கேமர்களுக்குத் தொல்லை கொடுப்பது தங்கள் நோக்கமல்ல என்று அறிவித்து அனானிமஸ் நெட்வொர்க்மீதான தாக்குதலை நிறுத்தியது. ஹாட்ஸும் சோனியும் சமரசம் செய்துகொண்ட செய்தி ஏப்ரல் 11 அன்று வந்தது.

மூன்றாவதுதான் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது. ஏப்ரல் 17 முதல் 19 வரை யாரோ உள்ளே புகுந்தார்கள். 20-ஆம் தேதி சோனி நெட்வொர்க்கை முழுவதுமாக மூடியது. அதற்கு முந்தைய நாள்தான் போர்ட்டல் 2, மார்ட்டல் காம்பட் ஆகிய கேம்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்திருந்தன. ஆவலோடு டிஸ்க்கை வாங்கி வந்தவர்கள் திரையில் பராமரிப்பு அறிவிப்பைத்தான் பார்த்தார்கள். கேப்காம் வெளியிட்ட பயோனிக் கமாண்டோ ரீஆர்ம்ட் 2 போன்ற ஒன்றிரண்டு கேம்களைத் தனியாக ஆடவும் நெட்வொர்க்கில் லாகின் செய்ய வேண்டியிருந்ததால், வாங்கி வைத்திருந்தவர்கள் அவற்றைத் திறக்கவே முடியவில்லை.

ஆனாலும் உண்மையான சீற்றம் ஆட்டம் நின்றதற்காக எழவில்லை. வெளியார் ஊடுருவல் என்று 22-ஆம் தேதி ஒப்புக்கொண்ட சோனி, சுமார் 7.7 கோடி கணக்குகளின் பெயர், முகவரி, மின்னஞ்சல், பிறந்த தேதி, பாஸ்வேர்ட் ஆகியவை களவு போயிருப்பதாகவும், கிரெடிட் கார்டு விவரங்களும் போயிருக்கக்கூடும் என்றும் சொன்னது 26-ஆம் தேதிதான். அதுவரை ஹேக்கர்களைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் அன்று சோனியை நோக்கித் திரும்பினார்கள். இழப்பின் அளவு 25-ஆம் தேதிதான் உறுதியானது என்று சோனி விளக்கியது. தடய ஆய்வுக்கு நாள் பிடிக்கும் என்பதை நான் அறிவேன். எனினும், அதே பாஸ்வேர்டை வேறெங்கும் வைத்திருந்தால் உடனே மாற்றிக்கொள்ளுங்கள் என்று 22-ஆம் தேதியே ஒரு வரி எழுதியிருக்கலாம். அதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

இலவசமாகக் கிடைக்கும் சேவைதானே, எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று சோனிக்காகப் பேசியவர்களும் இருந்தார்கள். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் ஆன்லைனில் ஆட அப்போது சந்தா கட்ட வேண்டியிருந்தது, பிளேஸ்டேஷன் 3-இல் வேண்டியிருக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால், முகவரியும் கார்டு எண்ணும் கொடுத்து நெட்வொர்க்கின் ஆன்லைன் கடையில் கேம் வாங்கியவரிடம் சேவை இலவசம் என்று சொல்வது பதிலாகாது.

மே 1 அன்று டோக்கியோவில் சோனியின் கேம் பிரிவுத் தலைவர் கசுவோ ஹிராய் உள்ளிட்ட மூன்று அதிகாரிகள் செய்தியாளர்கள் முன் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார்கள். மே நடுவில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேவை படிப்படியாகத் திரும்பியது. ஈடாக, குறிப்பிட்ட பட்டியலிலிருந்து இரண்டு பிளேஸ்டேஷன் 3 கேம்கள் இலவசமாகக் கிடைத்தன. அவை பெரும்பாலும் பழைய கேம்கள் என்பதால், நெடுநாள் வாடிக்கையாளர் பலரிடம் ஏற்கெனவே இருந்தவைதான். ஊடுருவியவர் யார் என்பது இதுவரை பொதுவெளியில் நிறுவப்படவில்லை. சர்வரில் அனானிமஸ் பெயரில் ஒரு கோப்பு இருந்ததாக சோனி அமெரிக்க காங்கிரஸுக்கு எழுதியது. அந்தக் குழு அதை மறுத்தது. மென்பொருளை உரிய நேரத்தில் புதுப்பித்திருந்தால் இந்தத் தாக்குதலைத் தடுத்திருக்கலாம் என்று கண்ட பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், 2013 ஜனவரியில் 2,50,000 பவுண்டு அபராதம் விதித்தது.

கேமர்களின் மனம் தெளிவாகவே இருந்தது என்று நான் நம்புவதற்கு 2014 கிறிஸ்துமஸ் இன்னொரு சான்று. லிசர்ட் ஸ்குவாட் என்ற குழு பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கையும் எக்ஸ்பாக்ஸ் லைவையும் ஒருசேர முடக்கியது. பறிக்கப்பட்ட உரிமை என்றோ வழக்கு என்றோ சொல்லிக்கொள்ள அவர்களிடம் எதுவும் இல்லை. பரிசாகக் கிடைத்த புதுப் பெட்டியைப் பிரித்துவைத்துவிட்டு லாகின் செய்ய முடியாமல் சிறுவர்கள் காத்திருந்த அந்த நாளில், 2011-இல் கண்ட பிளவைக் காண முடியவில்லை. இணையத் தொழிலதிபர் கிம் டாட்காம், மெகா என்ற கோப்புச் சேமிப்புச் சேவையின் 3,000 வவுச்சர்களைக் கொடுத்து அந்தக் குழுவிடம் தாக்குதலை நிறுத்தச் சொன்னபோது, ஆட்டம் திரும்பக் கிடைத்ததே என்று அவருக்கு நன்றி சொன்னவர்களும், இது பணயத்தொகை ஆகாதா, அடுத்த கிறிஸ்துமஸுக்கு யார் வருவார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களிடையே இருந்த கருத்து வேறுபாடு அந்த ஒன்றில்தான்.