ஆக்சிலேட்டரை மிதித்தால் தகரச் சத்தம்: கியர்பாக்ஸைக் கழற்ற விடாதீர்கள்

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "9 வருட டீசல் கார். இரண்டாவது, மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் அடியில் 'கர்ர்ர்' என்று தகரம் அதிர்கிற சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. கியர்பாக்ஸ் பேரிங் போய்விட்டது, இறக்கிச் செய்ய 38,000 ரூபாய் என்கிறது ஒரு பட்டறை. தெரிந்தவர் ஒருவர், மதுரைக்குக் கொண்டுபோய் குறைவாக முடித்துத் தருகிறேன் என்கிறார். யாரிடம் கொடுக்கலாம்?"

இப்போதைக்கு இருவரிடமும் வேண்டாம்.

முதலில் ஒரு சோதனை. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்சை முழுதாக மிதித்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுங்கள். கிளட்சை மிதித்திருக்கும்போது எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குள் போகாது. அப்போதும் அதே 'கர்ர்ர்' கேட்டால் கியர்பாக்ஸ் மேல் தப்பில்லை. வண்டி நகரவே இல்லை என்பதால் சக்கர பேரிங்கும் இல்லை.

எனக்குச் சந்தேகம் உங்கள் சைலன்சர் குழாயின் மேல்தான். அந்தக் குழாயின் சூடு வண்டிக்குள் ஏறாமல் இருக்க, அதை ஒட்டி மெல்லிய தகடு ஒன்று பொருத்தியிருப்பார்கள். ஹீட் ஷீல்டு என்பார்கள். உங்கள் ஊரில் உப்புக்காற்று அதன் போல்ட்டுகளைத்தான் முதலில் தின்னும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார் உலோகம் துருப்பிடிப்பதைச் சோதிக்கக் கடலோர ஊரான மண்டபத்தில் நிலையம் வைத்தது சும்மாவா? போல்ட் தளர்ந்த தகடு, எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வரும்போது மட்டும் அதிரும். காலை எடுத்தால் அடங்கிவிடும். நீங்கள் சொல்கிற சத்தம் அச்சு அசலாக அதுதான்.

வண்டி நன்றாக ஆறிய பிறகு ரேம்ப்பில் ஏற்றச் சொல்லி, தகட்டைக் கையால் தட்டிப் பாருங்கள். ஆடினால் துருப்பிடிக்காத ஸ்டீல் கிளாம்ப் வாங்கி இறுக்கிவிட்டால் போதும், சில நூறு ரூபாய் வேலை. "பிய்த்துப் போட்டுவிடலாம் சார்" என்பார்கள், விடாதீர்கள். தகடு இல்லாத வண்டியைக் கருவேலங்காட்டு ஓரம் காய்ந்த புல்லின் மேல் நிறுத்தினால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. அப்படியே குழாயின் இணைப்புகளில் கரி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கரி இருந்தால் புகை கசிகிறது என்று அர்த்தம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், வாசனையே தெரியாது. இணைப்பின் நடுவே கசிவை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றும் வரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கண்ணாடியை மூடி ஏசி போட்டு ஓட்ட வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. சத்தம் வருவதோடு பிக்கப்பும், அதாவது வண்டியின் இழுவையும், குறைந்தால் மேலே சொன்னது பொருந்தாது. உங்களுடையது டீசல் வண்டி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். விசில் மாதிரி ஊதல், பின்னால் கரும்புகை, பாம்பன் பாலத்து ஏற்றத்தில் முன்பு மூன்றாவது கியரில் போன வண்டி இப்போது இரண்டாவது கேட்கிறது - இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து எஞ்சினுக்கு அந்தக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும், இல்லையென்றால் அதன் கிளிப் கழன்றிருக்கும். டர்போவே போய்விட்டது என்று ஒருவர் எஸ்டிமேட் நீட்டுவார். ஹோஸைக் கழற்றி, வளைத்து, உள்மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று உங்கள் கண் முன் காட்டாமல் டர்போ என்ற வார்த்தையையே பேசவிடாதீர்கள். ஊதல் இல்லை, புகை இல்லை, பிக்கப் சரியாக இருக்கிறது என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

இனி அந்தத் 'தெரிந்தவர்'. வண்டியை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பலருக்குப் பட்டறையில் ஒரு பங்கு, ஸ்பேர் கடையில் ஒரு பங்கு. எந்தப் பொருளை மாற்றினார்கள், மாற்றினார்களா என்பதே உங்களுக்குத் தெரியாது. வண்டியோடு நீங்களே போங்கள். பில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். இதற்கு முகம் சுளிக்கிற கடையில் வேலை கொடுக்காதீர்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டர் இதில் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு 'சத்தம் எதுவும் இல்லை' என்று ஜாப் கார்டில் எழுதி அனுப்புவார்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். இன்சூரன்ஸ்காரரிடம் போய்ப் பயனில்லை, துருவும் தேய்மானமும் அவர்கள் கணக்கில் வராது. புகைச் சான்று? வண்டியைப் பார்க்காமலேயே கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சொந்த கார் என்றால் 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும் வரை எந்த அதிகாரியும் அதன் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்க்கப்போவதில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், துருவுக்கு மருந்து என்று வாட்டர் சர்வீஸில் அடியில் பழைய எஞ்சின் ஆயில் அடித்துவிடுவார்கள். அது ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், கடல் மணலை ஒட்டவைக்கும், சூடான குழாயில் பட்டால் புகையும். அந்தக் கடைகளில் பலவற்றில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவுவதற்குக் கழுவாமலே இருக்கலாம். மீன் வண்டிகள் ரோட்டில் ஒழுகவிடும் உப்புத் தண்ணீர் வேறு. மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரை அடிப்பக்கம் பீய்ச்சி, அரை மணி நேரம் ஓட்டிக் காயவிடுங்கள்.

கிளட்ச் சோதனையில் சத்தம் வரவே இல்லை, ஓடும்போது மட்டும் வருகிறது என்றால், எந்தக் கியரில் எவ்வளவு வேகத்தில் என்று குறித்துக்கொண்டு எழுதுங்கள். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.