பாறையில் சக்கரத் தடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்துக்குப் பக்கத்தில் ஹில்ஸ்பரோவில் ஆறு வருடமாக இருக்கிறேன். இந்த ஆடியில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். இரண்டு நாள் லீவு போட்டு, 101ஆம் நெடுஞ்சாலையில் ஒரிகன் கடற்கரை முழுவதையும், வடக்கே அஸ்டோரியாவில் தொடங்கி தெற்கே புரூக்கிங்ஸ் வரை, காட்டிவிடலாம் என்று இருக்கிறேன். வழியில் நிறுத்த வேண்டிய கடற்கரைகள் என்று பதினான்கைக் குறித்து வைத்திருக்கிறேன், பட்டியலை இணைத்திருக்கிறேன். இதில் எதை விடலாம், எதை விடவே கூடாது?

அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். ஆடி அமாவாசை அங்கே இருக்கும்போது வருகிறதாம், அன்றைக்குக் கடலில் ஒரு முழுக்குப் போட வேண்டுமாம். அம்மாவுக்கு முழங்கால் வலி. போட்டோக்களைப் பார்த்துவிட்டு, "ஒரே பாறையும் மூட்டமுமா இருக்கு, குளிக்கவும் முடியாதுங்கற, இதெல்லாம் ஒரு கடலா?" என்கிறார். நீங்கள் அங்கே சில காலம் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

கே., ஹில்ஸ்பரோ

அன்புள்ள கே.,

உங்கள் அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். அஸ்டோரியாவிலிருந்து புரூக்கிங்ஸ் வரை 340 மைல் சொச்சம். ஊர்கள், வளைவுகள், முன்னால் ஆமையாய் நகரும் கேரவன் வண்டிகள் எல்லாம் சேர்த்தால் நிற்காமல் ஓட்டினாலே ஒரு பகல் போய்விடும். பதினான்கு இடத்தில் நிறுத்தினால் ஒவ்வொன்றிலும் காரை விட்டு இறங்கி, ஒரு செல்ஃபி எடுத்து, அம்மாவை மறுபடி ஏற்றி சீட் பெல்ட் மாட்டுவதற்குத்தான் நேரம் இருக்கும். ஊருக்குத் திரும்பிய பிறகு அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்தக் கடற்கரை எது என்று சொல்லத் தெரியாது. நான் என் அக்காவையும் அத்தானையும் இப்படித்தான் ஒரு முறை இழுத்தடித்தேன். அத்தானுக்கு இன்றைக்கு நினைவிருப்பது டில்லமூக்கில் இலவசமாகக் கொடுத்த சீஸ் துண்டு மட்டும்.

நான் சொல்வது ஒரே ஒரு இடம். ஹக் பாயின்ட். கேனன் பீச் என்ற ஊரிலிருந்து தெற்கே நாலைந்து மைல். உங்கள் பட்டியலில் அது இல்லை.

இந்த ஊர்க் கடற்கரையை ஒட்டி நெடுஞ்சாலை போடுவதற்கு முன்னால் இங்கே மணல்தான் சாலை. குதிரை வண்டிகள், கடல் உள்வாங்கி ஓதம் வற்றிய நேரம் பார்த்து ஈர மணலில் ஓடின. ஈர மணல் கெட்டியாக இருக்கும், சக்கரம் புதையாது. ஆனால் அங்கங்கே மலை மூக்கு நீட்டிக்கொண்டு கடலுக்குள் வந்துவிடும். அந்த இடங்களில் பாறையைக் கட்டிப்பிடித்தபடி ஒட்டி ஒட்டிப் போனால்தான் வண்டி சுற்றிவர முடியும். ஹக் பாயின்ட் என்ற பெயர் வந்தது அப்படித்தான். நனைந்து நனைந்து அலுத்துப்போய், பாறையின் காலடியிலேயே வெட்டி ஒரு பாதை போட்டுவிட்டார்கள். அந்தப் பாதை இன்றும் இருக்கிறது. ஒரு வண்டி போகும் அகலம். அதன் மேல் நின்று குனிந்து பார்த்தால் சக்கரம் தேய்ந்த பள்ளம் தெரியும். நம் பழைய கோட்டை வாசல்களில் கருங்கல் தேய்ந்திருக்குமே, அது மாதிரி. பள்ளத்தில் கொஞ்சம் கடல்நீர் தேங்கி நிற்கும், ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கொட்டலசு என்ற சின்னச் சின்ன ஓட்டு உயிர்கள் ஒட்டியிருக்கும். விரலை வைத்தால் அரம் போலக் கீறும்.

ஒரிகன்காரர்களின் கடற்கரைச் சட்டமே இப்படி மணலில் வண்டி ஓடிய வழக்கத்திலிருந்துதான் பிறந்தது. 1913இல் ஆஸ்வால்ட் வெஸ்ட் என்ற கவர்னர் ஒரு வேலை செய்தார். கடற்கரையைத் துண்டு துண்டாக விற்றுவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். "கடற்கரை மக்களுக்கே" என்று நேராகச் சட்டம் கொண்டுவந்தால் எதிர்ப்பு வரும். அதனால் மாநிலத்தின் ஈர மணல் முழுவதும், வாஷிங்டன் எல்லையிலிருந்து கலிபோர்னியா எல்லை வரை, பொது நெடுஞ்சாலை என்று அறிவிக்க வைத்தார். எல்லாரும்தான் அதில் வண்டி ஓட்டுகிறார்களே, சாலை என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? சாமர்த்தியக்காரர். அப்புறம் 1966இல் கேனன் பீச்சில் ஒரு விடுதிக்காரர் ஈர மணலுக்கு மேலே உள்ள உலர்ந்த மணலில் கட்டையும் கயிறும் போட்டு, என் விருந்தினர் மட்டும்தான் இங்கே உட்காரலாம் என்றார். ஊரே கொதித்தது. அடுத்த ஆண்டு டாம் மெக்கால் கவர்னர் ஆனார். அளவெடுப்பவர்களைக் கூட்டிக்கொண்டு ஹெலிகாப்டரில் கடற்கரைக்கே வந்து இறங்கி, எதுவரை மக்களுடையது என்று மணலில் காட்டினார். 1967இல் சட்டம் வந்தது: புல் பூண்டு முளைக்கும் கோடு வரை யார் வேண்டுமானாலும் நடக்கலாம், உட்காரலாம். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1969இல் நீதிபதிகள் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. வழக்காறு. காலங்காலமாக மக்கள் இந்த மணலைப் புழங்கி வந்திருக்கிறார்கள், அது போதும் என்றார்கள். களத்து மேட்டுப் பாதைக்கு நம் ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லும் தீர்ப்பு மாதிரி இல்லை?

சரி, கடற்கரைக்கு வருவோம். அந்த வண்டிக்காரர்கள் பார்த்த அட்டவணையைத்தான் நீங்களும் பார்க்க வேண்டும். கூகுள் மேப்பை மூடிவிட்டு ஓத அட்டவணையைத் திறங்கள். மெரினாவில் வளர்ந்த நமக்கு இது மண்டையில் ஏறாது. அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் வித்தியாசம், கடல் எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். ஒரிகனில் எட்டு அடி, பத்து அடி ஏறி இறங்கும். காலையில் நீங்கள் நடந்து போன இடத்தில் மத்தியானம் ஆளை முழுக்கடிக்கிற தண்ணீர் நிற்கும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அட்டவணையில் வற்றத்துக்கு நேரே மைனஸ் குறி போட்ட நாள் இருந்தால் அன்றைக்கு லீவு போடுங்கள், மற்ற நாளெல்லாம் வீண்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் முறை ஹக் பாயின்ட் போனபோது அட்டவணை கிட்டவணை எதுவும் பார்க்கவில்லை. அருவி ஒன்று மணலில் வந்து விழுவதையும் குகையையும் பார்த்த மயக்கத்தில் பாறையைச் சுற்றி வடக்குப் பக்கம் அப்படியே நடந்துவிட்டேன். திரும்பி வந்தால் வெட்டிய பாதையின் மேல் அலை ஏறி ஏறி இறங்குகிறது. அலைக்கும் அலைக்கும் நடுவில் ஓடிவிடலாம் என்று காலை வைத்தேன். முழங்காலுக்கு மேல் வந்தது, ஒரு செருப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயேவிட்டது. அதோடு புத்தி வந்தது. வடக்கே ஆர்கேடியா கடற்கரைப் படி வரை நடந்து, மேலேறி, நெடுஞ்சாலை ஓரமாக ஒற்றைச் செருப்போடு ஒரு மைலுக்கு மேல் திரும்பி வந்தேன். நடைபாதை கிடையாது. போகிற காரிலிருந்தெல்லாம் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஆகவே வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் நீங்களும் திரும்புங்கள். இன்னும் இரண்டு விஷயம் உண்டு, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலுக்கு முதுகைக் காட்டக் கூடாது. கால் மணி நேரம் அலை சாதுவாக வந்துகொண்டிருக்கும், திடீரென்று ஒன்று யாரும் எதிர்பாராத தூரத்துக்கு மணலில் ஏறி வரும். ஸ்னீக்கர் வேவ் என்பார்கள், பதுங்கி வருகிற அலை. இரண்டாவது, கரையில் பெரிய பெரிய மரத்துண்டுகள் கிடக்கும். உட்கார வாகாக இருக்கிறதே என்று அம்மாவை அதில் உட்கார வைக்காதீர்கள். ஈரமான மரம் டன் கணக்கில் எடை இருக்கும், சில அங்குலத் தண்ணீர் அதைத் தூக்கிப் புரட்டிவிடும். அது புரண்டு செத்தவர்கள் உண்டு. அம்மாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போங்கள், மேட்டில் போடுங்கள். நீல நிறத்தில் சுனாமிப் பலகைகள் வழியெங்கும் பார்ப்பீர்கள். அதுவும் சும்மா வைத்ததில்லை. இங்கே கடலுக்கடியில் இருக்கும் பிளவு சுமத்ராவுக்கு அருகே 2004இல் அசைந்ததே, அதே வகை. 1700 ஜனவரி 26 இரவு அது ஒருமுறை அசைந்திருக்கிறது. எழுந்த அலை ஜப்பானில் போய் அடித்து, அங்கே எழுதி வைத்திருந்த குறிப்பை வைத்துத்தான் தேதியையே கண்டுபிடித்தார்கள். தரை நீண்ட நேரம் நடுங்கினால் சங்கு ஊதும் வரை காத்திருக்காமல் மேட்டுக்கு நடக்க வேண்டும். நம் கடற்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை.

இரண்டாவது நாளுக்கு என்ன என்று கேட்பீர்கள். கேனன் பீச்சிலேயே ராத்தங்குங்கள், மறுநாள் காலை வற்றத்தில் ஹேஸ்டேக் பாறைக்கு நடந்து போங்கள். 235 அடி உயரம், வைக்கோற்போர் மாதிரியேதான் இருக்கும், பெயரில் பொய் இல்லை. கிழக்கே இடாஹோ எல்லைப் பக்கம் பூமி பிளந்து வழிந்த எரிமலைக் குழம்பு முந்நூறு மைல் ஓடிவந்து இங்கே கடலில் இறங்கியது. ஒன்றரைக் கோடி ஆண்டு ஆகிறது. அதன் மிச்சம்தான் இந்தப் பாறை. காலடியில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியிருக்கும். பச்சை நிறத்தில் பூ மாதிரி கடற்சாமந்தி என்ற உயிர் விரிந்திருக்கும், ஏதாவது மேலே பட்டால் மெல்ல உள்வாங்கிச் சுருங்கும். அம்மா குனிய வேண்டாம், நின்றபடியே பார்க்கலாம். நட்சத்திர மீன் ஊதாவிலும் ஆரஞ்சிலும் இருக்கும். 2013இல் தொடங்கிய ஒரு நோயில் கொத்துக் கொத்தாகச் செத்து, இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டுகின்றன. வற்ற நேரத்தில் தன்னார்வலர்கள் தொலைநோக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். கேட்டால் பாறை உச்சியில் பஃபின் பறவையைக் காட்டுவார்கள். ஏப்ரலில் வந்து கோடை முடிவதற்குள் கிளம்பிவிடும், ஆடிக் கடைசி என்றால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

தெற்குக் கோடியில் போர்ட்மன் பூங்காப் பக்கம் இருக்கும் பாறை வளைவுகள் இதையெல்லாம்விட அழகு, ஒத்துக்கொள்கிறேன். அதற்குத் தனியாக நான்கு நாள் எடுத்துக்கொண்டு இன்னொரு முறை போங்கள்.

அம்மாவின் கேள்வி. குளிக்க முடியாத கடல் என்ன கடல்? ஆடியிலும் தண்ணீர் பெரும்பாலும் பத்திலிருந்து பதினைந்து டிகிரிதான். கால் வைத்தால் இரண்டு நிமிடத்தில் எலும்பு வலிக்கும். உள்ளே இறங்குகிறவர்கள் எல்லாம் தலை முதல் கால் வரை ரப்பர் உடை போட்ட சர்ஃபிங்காரர்கள்தான். கோடையிலும் மூட்டமும் காற்றும் உண்டு. போர்ட்லாந்தில் வெயில் கொளுத்தும் நாளில் இங்கே சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, தலைக்குக் குல்லா மாட்டி, ஷூவும் போட வேண்டியிருக்கும். அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திருச்செந்தூர் மாதிரி இருக்காது. குளிக்கிற கடல் நம்மிடம் இருக்கிறது, இது பார்க்கிற கடல். அலை பாறை முகட்டில் மோதி வெடித்து, அந்தச் சாரல் நாற்காலிக்கு வந்து சேரும்போது அவரே ஏதாவது சொல்வார். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அப்பாவின் முழுக்கு விஷயத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் ஓதம் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். ஒரிகன் கோடையில் அந்தப் பெரிய வற்றம் வருவது பெரும்பாலும் காலையில். ஆக ஆடி அமாவாசைக் காலையில் கடல் தானாகவே நெடுந்தூரம் விலகி, வண்டிப் பாதையைத் திறந்து வைத்திருக்கும். இதற்கு மேல் அப்பாவுக்கு என்ன வேண்டும்? ஆனால் அவரை இறங்க விடாதீர்கள். வயதானவர் நெஞ்சுக்கு அந்தக் குளிர் ஆகாது. கணுக்கால் நனையும் இடத்தில் நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு சொம்பில் மொண்டு தலையில் மூன்று முறை தெளித்துக்கொள்ளட்டும். முன்னோர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். துவட்டத் துண்டும் ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பியும் காரில் இருக்கட்டும்.

சொம்பை நீங்கள் தேட வேண்டாம். அப்பா அதை இந்நேரம் பெட்டியில் வைத்திருப்பார்.