சிலந்தியை எண்ணிவிட்டு மருந்தைத் தொடுங்கள்: கேள்வி பதில்

சோழவந்தான் பக்கம் பெரியாறு பாசனத்தில் நெல்லும் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கிறேன். பூச்சியைத் தின்னும் பூச்சிகளையும் சிலந்திகளையும் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன். ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

வாடிப்பட்டி: ஐயா, நட்டு நாற்பது நாள் ஆன நெல். அடித்தூரில் புகையான் (நெல்லின் சாற்றை உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி) தெரிகிறது, குத்துக்கு ஏழெட்டு இருக்கும். கடையில் ஒரு மருந்து கொடுத்தார்கள். இன்றைக்கே அடித்துவிடட்டுமா?

பாட்டிலைத் திறக்காமல் வைத்துவிட்டு வயலுக்குள் இறங்குங்கள் தம்பி. மூலைக்கு மூலை குறுக்காக நடந்து இருபது குத்துகளைப் பாருங்கள். இலையை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைத் தட்டுங்கள். புகையானோடு சேர்ந்து வேறு என்னென்ன ஓடுகின்றன என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

கணக்கு இதுதான். சிலந்தியே இல்லாத வயலில் தூருக்கு (குத்திலுள்ள ஒரு தண்டுக்கு) ஒரு புகையான் வந்தால் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். குத்தில் இருபது தூர் என்றால் முதல் கணக்கில் இருபது, இரண்டாவதில் நாற்பது. உங்களிடம் இருப்பது ஏழெட்டு.

தண்ணீர் மட்டத்தில் விறுவிறுவென்று ஓடுகிறதே, முதுகில் கவட்டை போலக் கோடு போட்ட பழுப்புச் சிலந்தி, அது ஓநாய்ச் சிலந்தி. வலை பின்னிக் காத்திருக்கும் பொறுமை அதற்குக் கிடையாது, துரத்தித்தான் பிடிக்கும். நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சி வரை தின்னும். தாய் முட்டைப்பையை வாலில் ஒட்டிக்கொண்டு திரியும், பொரித்த குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொள்ளும். கூடவே பச்சையும் கறுப்புமாகச் சின்ன நாவாய்ப்பூச்சி ஒன்று இருக்கும். புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் செருகிவைக்கிறது. அங்கே எந்த மருந்தும் எளிதில் போகாது. அந்த நாவாய்ப்பூச்சி ஊசி வாயால் துளைத்து முட்டையை உறிஞ்சிவிடும். அதைப் புகையான் குஞ்சு என்று நினைத்து மருந்து அடித்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில், இலைச்சுருட்டுப் புழு நாலு இலையைச் சுருட்டியதைப் பார்த்துப் பயந்து பைரித்திராய்டு என்ற வகைப் பூச்சிமருந்தை இரண்டு முறை அடித்தேன். புழு போனது. மூன்று வாரத்தில் வயலின் நடுவே பாய் விரித்தது போல வட்டமாகக் காய்ந்தது. அக்கம்பக்கத்து வயல்களில் அப்படி இல்லை. மேலே அடித்த மருந்து சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் கொன்றிருக்கிறது, அடித்தூரில் இருந்த புகையான் தப்பிப் பெருகியிருக்கிறது. இது என் ஒருவன் கதை இல்லை. இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ததற்குப் பின்னால் இதே புகையான்தான் இருந்தது.

இப்போது தண்ணீரை வடித்து வயலை இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். யூரியாவைத் தள்ளிப் போடுங்கள். நாலு நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். அடுத்த போகத்தில் எட்டடிக்கு ஓரடி பட்டம் (நாற்று நடாத இடைவெளி) விட்டு நடுங்கள், அடித்தூருக்குக் காற்றும் வெளிச்சமும் போகும்.

மேலூர்: சிலந்தி விலைக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. பத்துச் சிலந்தியை ஒரு டப்பாவில் வளர்த்தால் கடைசியில் கொழுத்த ஒன்று மிஞ்சும். வேண்டுமானால் இடம் கொடுக்கலாம். அறுவடை முடிந்ததும் நாலைந்து வைக்கோல் கட்டுகளை வரப்பில் போட்டுவையுங்கள். சிலந்திகள் அதற்குள் ஒதுங்கும். அடுத்த நடவுக்குப் பிறகு கட்டுகளை வயலுக்குள் தூக்கிவைத்தால் போதும். வரப்பை மொட்டையாகச் செதுக்காதீர்கள். உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றுங்கள். தட்டைப்பயறில் சாறு உறிஞ்சும் அசுவினி வரும், அதைத் தின்னப் பொறிவண்டு வரும். அந்த அசுவினி நெல்லுக்கு வராது.

அலங்காநல்லூர்: நாற்று நடும் பெண்கள் சிலந்தி கடிக்குமோ என்று பயப்படுகிறார்கள்.

நம் நெல்வயல் சிலந்திகளால் மனிதர்களுக்கு ஆபத்து இல்லை. கையில் நசுக்கிப் பிடித்தால் சில கடிக்கலாம், எறும்புக் கடி அளவுக்கு. மருந்து அடித்த மறுநாள் அதே வயலில் இறங்கச் சொல்கிறோமே, பயப்பட வேண்டியது அதற்கு.

உசிலம்பட்டி: அண்ணே, பொறிவண்டு நல்லது என்றீர்கள். என் கத்தரியில் பொறிவண்டுதான் இலையைச் சல்லடை ஆக்குகிறது!

உங்கள் கத்தரியில் இருப்பது குடும்பத்தில் தவறிப் பிறந்த பிள்ளை. பொறிவண்டில் பெரும்பாலானவை கறி தின்பவை, இது போன்ற சில மட்டும் இலை தின்னும். முதுகில் 28 புள்ளி வரை இருக்கும். புள்ளியை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், மினுமினுப்பைப் பாருங்கள். நல்ல பொறிவண்டு எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். இது மங்கலாக, மெல்லிய பூனைமயிரோடு இருக்கும். இதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைவிட்ட முள்ளோடு இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு சுரண்டும். நல்ல பொறிவண்டின் புழு கருத்த நீள உடம்பும் ஆரஞ்சுத் திட்டுமாக, குட்டி முதலை போல அலைந்து திரியும். அந்த முதலையைப் பார்த்து மிரண்டு நசுக்காதவர் குறைவு. வண்டைவிடப் பசியெடுத்து அசுவினி தின்பது அதுதான்.

இலை தின்னியைக் காலையில் கையால் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். கத்தரிக்காய்க்குள் இருக்கும் புழுவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குச் சிலந்தியை நம்பாதீர்கள், காய்க்குள் எதுவும் நுழைந்து பிடிக்கப் போவதில்லை. வாடித் தொங்கும் நுனிக்குருத்தைக் கிள்ளி எரியுங்கள், இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள்.

திருமங்கலம்: மல்லிகைத் தோட்டத்தில் செஞ்சிலந்தி. சிலந்தியைக் கொல்லாதே என்கிறீர்கள், இது இலையையே வெளிறச் செய்துவிட்டதே?

பெயர் செய்த குழப்பம். அது சிலந்திப்பேன். எட்டுக்கால் உண்டு, நூலும் இழுக்கும், ஆனால் இலைச்சாற்றை உறிஞ்சும் பேன். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைக் கேட்டுப் பேன் ஒதுங்கவா போகிறது! மொட்டுப்புழுவுக்கு என்று பைரித்திராய்டு அடித்த தோட்டத்தில் பேன் பெருகுவது அடிக்கடி நடக்கிறது. பேனைத் தின்னும் பேன் ஒன்று உண்டு. வெறும் கண்ணுக்கு ஓடும் புள்ளியாகத் தெரியும். கடுகளவு கறுப்புப் பொறிவண்டு ஒன்றும் இருக்கிறது. மருந்தில் முதலில் சாவது அவைதான்.

லென்ஸ் வைத்து இலையின் அடியைப் பாருங்கள். மெதுவாக நகர்வது பயிரைத் தின்பது, வேகமாக ஓடுவது அதைத் தின்பது. பெரும்பாலும் இந்த அடையாளம் பொய்க்காது. சாலையோரத் தோட்டம் என்றால் புழுதி படிந்த இலையில் பேன் கூடுதலாக வரும், இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

அண்ணாநகர், மதுரை: மாடித் தோட்டத்துச் செம்பருத்தியில் கள்ளிப்பூச்சி (மாவுப்பூச்சி). தண்ணீர் அடித்தாலும் திரும்ப வருகிறது. சில பெரிதாக, வேகமாக நகர்கின்றன. அவற்றைத் தேடித் தேடிக் கொன்றேன்.

அம்மா, அவசரப்பட்டுவிட்டீர்களோ என்று நினைக்கிறேன். கள்ளிப்பூச்சி அவ்வளவு வேகமாக நகராது. கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு வெள்ளை மெழுகு இழைகளோடு கள்ளிப்பூச்சி வேடத்திலேயே இருக்கும், அளவில் பெரிது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த வண்டு. அடுத்த முறை அப்படி ஒன்றைப் பார்த்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். ஓடினால் விட்டுவிடுங்கள்.

முதலில் எறும்பை நிறுத்துங்கள். இனிப்புக் கழிவுக்காக எறும்பு கள்ளிப்பூச்சிக்குக் காவல் நிற்கும், பொறிவண்டை அண்டவிடாது. தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். சுவரைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள்.

கள்ளி என்றதும் ஒன்று. நம் தென் மாவட்டங்களில் சப்பாத்திக்கள்ளி புதர் புதராக நிலத்தை அடைத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த செதில்பூச்சி ஒன்றுதான் அதைத் தின்று ஒடுக்கியது. பூச்சிக்குப் பூச்சி மட்டுமில்லை, களைக்கும் பூச்சி உண்டு.

சோழவந்தான்: நம்ம ஊர்தான் அண்ணே. தென்னையில் வெள்ளை ஈ, ஓலையெல்லாம் கரிப்பிடித்துக் கிடக்கிறது.

என் தோப்பிலும் அதே கதிதான் தம்பி. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்ட சுருள் வெள்ளை ஈ இது. அதோடு என்கார்சியா என்ற நுண்குளவியும் வந்து சேர்ந்தது நம் அதிர்ஷ்டம். அது வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைக்கும், குஞ்சு கறுத்துவிடும். ஓலையைத் திருப்பிக் கறுத்த குஞ்சு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மருந்து வேண்டவே வேண்டாம். இல்லையென்றால் என் தோப்பிலிருந்து ஓலைத்துண்டு வெட்டித் தருகிறேன், மரத்தில் செருகிவையுங்கள். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் வரும். முடிபோன்ற காம்பின் நுனியில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும் பூச்சி அது. ஓலையில் படிந்த கரிக்கு, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி அடித்தால் காய்ந்து உதிரும்.

கள்ளந்திரி: நெல்லில் குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா அட்டை வாங்கிக் கட்டினேன், பலன் இல்லை.

எப்போது கட்டினீர்கள் என்று எழுதவில்லை. வெண்கதிர் (புழு தண்டைக் குடைந்து வெளுத்துப்போன பதர்க்கதிர்) கண்ட பிறகு கட்டினால் பலன் எப்படி வரும்? டிரைக்கோகிரம்மா, பூச்சியின் முட்டைக்குள் முட்டை வைக்கும் நுண்குளவி, புழுவானபின் அதற்கு வேலை இல்லை. குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிகம் வகை, நட்ட 30, 37-ஆம் நாள்களில். இலைச்சுருட்டுக்கு கைலோனிஸ் வகை, 37, 44, 51-ஆம் நாள்களில். ஒவ்வொரு முறையும் ஏக்கருக்கு 2 சி.சி. (கன சென்டிமீட்டர்) முட்டை ஒட்டிய அட்டை. அதைத் துண்டுகளாக வெட்டி, பரவலாக, இலையின் அடிப்பக்கம், வெயில் தாழ்ந்தபின் கட்டுங்கள். எந்தத் தேதியில் பொரிக்கும் என்று கேட்டு வாங்குங்கள். குளவி பறந்துபோன பழைய அட்டையைக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். எங்கே கிடைக்கும் என்பதற்கு ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியின் பூச்சியியல் துறையில் விசாரியுங்கள். கட்டிய வாரத்தில் பூச்சிமருந்து அடித்தால் அட்டைக்குக் கொடுத்த காசு வைகையில் போட்டது போலத்தான்.

பேரையூர், பள்ளி மாணவி: எங்கள் வீட்டு மாதுளைக் கிளையில் நுரை காய்ந்தது போல ஒன்று ஒட்டியிருக்கிறது. கும்பிடுபூச்சியின் முட்டை என்று பாட்டி சொல்கிறார். எடுத்து டப்பாவில் வளர்க்கட்டுமா?

பாட்டி சொன்னது சரிதான் பாப்பா. அந்தக் கூட்டுக்குள் நிறைய முட்டைகள் வரிசையாக இருக்கும். ஆனால் டப்பாவில் வைக்காதே, பொரித்ததும் பசியில் ஒன்றையொன்று பிடித்துத் தின்ன ஆரம்பித்துவிடும். கிளையிலேயே விட்டுவிட்டுத் தினமும் காலையில் போய்ப் பார். நூலில் தொங்கிக்கொண்டு எறும்பளவுக் குட்டிகள் இறங்கும் நாளில் எனக்கு எழுது.